மருந்து மாறும்போது: ஒற்றைத் தலைவலியும் மருத்துவக் காப்பீடும்

(நம் சங்கத்தின் மாதாந்திர ஞாயிறு சந்திப்பில், மொட்டை மாடி அரங்கில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் அப்படியே தருகிறோம். – ஆசிரியர் குழு)

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இவ்வளவு பேர் மாடி ஏறி வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் சுண்டல் உண்டு என்று செயலாளர் வாட்ஸ்அப்பில் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. முப்பது வருஷமாக ஒற்றைத் தலைவலியோடு குடித்தனம் நடத்துகிறவள், அவ்வளவுதான். இன்று என்ன பேசப்போகிறேன் என்பதை என் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, அவர் திருத்திக் கொடுத்ததைத்தான் பேசுகிறேன். என் மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு கீழே மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள். எனக்குச் சரிப்பட்டது உங்களுக்கு ஆபத்தாக முடியலாம். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

"தலைவலிதானே?"

இந்த வார்த்தையை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, முக்கால்வாசி பெண்கள். ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இது வெறும் தலைவலி இல்லை. பாதித் தலையில் விண் விண் என்று துடிக்கும். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. மாமியார் ஏற்றும் சாம்பிராணி வாசனைகூட எனக்குக் குமட்டும். மாடிப்படி ஏறினால் வலி கூடும். கவனிக்காமல் விட்டால் நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை இருக்கும். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் எட்டு நாளாவது இந்த வகை, இப்படி மூன்று மாதம் தாண்டினால் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்கிறார்கள்.

மருந்து இரண்டு வகை. ஒன்று, வலி வரும்போது போடுவது. பாராசிட்டமால், நாப்ராக்சன், சுமட்ரிப்டான், ரைசட்ரிப்டான் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இன்னொன்று, வலி வராமலிருக்க அன்றாடம் எடுப்பது. இதைத் தடுப்பு மருந்து என்பார்கள். இன்று நான் அதிகம் பேசப்போவது தடுப்பு மருந்தைப் பற்றி.

இந்தத் தடுப்பு மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலிக்கென்று பிறந்தவை இல்லை. ப்ராப்ரனலால் இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் வந்தது. டோபிரமேட் வலிப்புக்கு வந்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது. வேறு நோய்க்காகச் சாப்பிட்டவர்களுக்குத் தலைவலியும் குறைகிறதே என்று பார்த்து இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள்.

எனக்கு ப்ராப்ரனலால் ஆகாது, சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது. ஃப்ளுனரிசின் கொடுத்தார்கள். வலி குறைந்தது, ஆனால் ஆறு மாதத்தில் ஐந்து கிலோ ஏறினேன், பகலெல்லாம் தூக்கம். அடுத்து டோபிரமேட். விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி மரத்துப்போகும். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அலுவலகக் கூட்டத்தில் பதினைந்து வருஷம் பழகிய ஒருவரின் பெயர் வாயில் வரவில்லை. அன்றோடு பயந்துபோனேன். மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். அமிட்ரிப்டிலினில் வாய் உலர்ந்து, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை.

அந்த நேரத்தில் மாதம் பதினான்கு நாள் தலைவலி.

வேலை செய்த மருந்து

அப்போது மருத்துவர் எரெனுமாப் என்ற ஊசியைப் பற்றிச் சொன்னார். நம் உடம்பில் சி.ஜி.ஆர்.பி. என்று ஒரு சிறு புரதம் உண்டு. ஒற்றைத் தலைவலி வரும்போது அது அதிகமாகச் சுரந்து வலியைத் தூண்டுகிறது. அது போய் ஒட்டும் இடத்தை இந்த ஊசி அடைத்துவிடுகிறது. ஒற்றைத் தலைவலிக்கென்றே கண்டுபிடித்த தடுப்பு மருந்து. அமெரிக்காவில் 2018 மே மாதம் அனுமதி பெற்றது, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. மாதம் ஒரு முறை, தொடையிலோ வயிற்றிலோ நாமே போட்டுக்கொள்ளலாம்.

விலை? எங்கள் வீட்டு மாத மளிகைக் கணக்கைவிட அதிகம். ஆனால் நான் வேலை செய்த நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் ஓபிடி செலவுக்கும் ஒரு தொகை இருந்தது. அதாவது மருத்துவமனையில் படுக்காமல் வெளியில் வாங்கும் மருந்துக்கும் பில் போட்டால் பணம் வரும். அதனால்தான் ஆரம்பித்தேன்.

மூன்றாவது மாதத்தில் பதினான்கு நாள் நான்கு நாளானது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், அந்த வருஷம்தான் மார்கழியில் நான் சபா கச்சேரிக்கெல்லாம் வந்தேன். பத்து வருஷத்துக்குப் பிறகு ரங்கநாதன் தெருவுக்குள் போய்ப் புடவை எடுத்துக்கொண்டு தலைவலி இல்லாமல் வீடு திரும்பினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மின்சாரம் போனபோது, பிரிட்ஜில் இருந்த ஊசியை எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டரில் பிரிட்ஜ் ஓடும் வீடு எது என்று ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கினேன். டி பிளாக் மாமி வெண்டைக்காயை வெளியே எடுத்துவிட்டு என் ஊசிக்கு இடம் கொடுத்தார். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

ஒரு மின்னஞ்சல்

பிறகு ஒரு மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், எச்.ஆரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏப்ரல் முதல் புதிய காப்பீடு, "மேம்படுத்தப்பட்ட சலுகைகள்" என்று தலைப்பு. மருத்துவமனைச் செலவு வரம்பு கூடியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி: ஓபிடி சலுகை இனி இல்லை.

சட்டப்படி அதில் தவறில்லை. குழுக் காப்பீடு ஒவ்வொரு வருஷமும் நிறுவனமும் காப்பீட்டுக் கம்பெனியும் புதிதாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். ஆனால் எனக்கு அது நான்கு நாளுக்கும் பதினான்கு நாளுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். மருத்துவரிடம் போகவில்லை. கூச்சம். "பணம் இல்லை, நிறுத்திவிட்டேன்" என்று சொல்ல வெட்கம். கைக்காசில் வாங்கலாம் என்று என் கணவர் சொன்னார். பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கண் முன்னால் நின்றது. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் நன்றாகவே போனது. பரவாயில்லையே, மருந்தே இல்லாமல் சமாளிக்கிறோமே என்று நினைத்தேன். உண்மை என்னவென்றால், இந்த ஊசி உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். போன மாதத்து ஊசிதான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. மே மாதம் சரிய ஆரம்பித்தது. அக்னி நட்சத்திர வெயில் வேறு. ஜூனில் பத்தொன்பது நாள்.

கடையில் கிடைக்கும் கலவை மாத்திரையை எடுக்க ஆரம்பித்தேன். எர்கோட்டமின், காஃபின், பாராசிட்டமால் எல்லாம் சேர்ந்த மாத்திரை. போட்டால் கேட்கும், மறுநாள் திரும்ப வரும், திரும்பப் போடுவேன்.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம். அறையைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கண்ணில் ஈரத்துணியோடு படுத்திருந்தேன். எங்கோ "அம்மாடி, அம்மாடி" என்று குரல் கேட்டது. கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வேலைக்கு வரும் அம்மா மணி அடித்த பிறகுதான் எழுந்தேன். நல்லவேளை, எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "உனக்குத் தலைவலின்னு தெரியும், அதான் சத்தமா கூப்பிடலை" என்றார்.

மறுநாள் காலை மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி

"வலி மாத்திரை மாதத்தில் எத்தனை நாள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலி அட்டைகளைப் பையில் கொண்டு போயிருந்தேன். எண்ணிப் பார்த்தால் பதினாறு நாள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எர்கோட்டமின் உள்ள மாத்திரை, ட்ரிப்டான் வகை, கலவை வலி மாத்திரை – இவற்றை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் என்றால் அந்த வரம்பு பதினைந்து நாள். மருந்து மிகையால் வரும் தலைவலி என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. அந்த நிலையில் எந்தத் தடுப்பு மருந்தும் சரியாக வேலை செய்வது கஷ்டம்.

கலவை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். இடைப்பட்ட நாள்களைத் தாண்ட வேறொரு மருந்து கொடுத்தார். முதல் இரண்டு வாரம் சொல்லி முடியாது. என் பெண் விடுமுறையில் இருந்ததால் பிழைத்தேன்.

பிறகு பழைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எதெதை எடுத்தேன், எவ்வளவு அளவு, எத்தனை மாதம், ஏன் நிறுத்தினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதுவரை முயன்று பார்க்காத ஒன்று இருந்தது: கேண்டசார்டான். அதுவும் இரத்த அழுத்த மாத்திரைதான், ஒற்றைத் தலைவலியையும் தடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு ஆஸ்துமா இருந்ததால் ப்ராப்ரனலால் ஆகாது, இது ஆகும். அழுத்தமும் கொஞ்சம் ஏறத் தொடங்கியிருந்தது. சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்து, நான்கு மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாகப் பதினாறுக்குப் போனோம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் இதை எடுக்கவே கூடாது. வாலிப வயதுப் பெண்கள் டோபிரமேட், வால்ப்ரோயேட் இரண்டையும் பற்றியும் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், குழந்தைக்குப் பாதிப்பு உண்டு.

"எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். தலைவலி நாள் பாதியாகக் குறைந்தால் வெற்றி" என்றார். மூன்று மாதம் கழித்து ஏழு நாள். ஊசி போட்டபோது இருந்த நான்கு இல்லை. ஆனால் ஏழு நாளோடு என்னால் வாழ முடிகிறது. மாத்திரைக்கு மாதம் ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை டிபன் சாப்பிடும் செலவுக்குள் அடங்குகிறது. இது போதாமல் போனால் மறுபடி ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்று ஏடு திறந்தே இருக்கிறது.

காப்பீட்டில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

இந்த இடத்தில் பி பிளாக் சாருக்கு நன்றி சொல்ல வேண்டும். காப்பீட்டுத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு என்றால் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான். அதற்கு முன்னும் பின்னும் சில நாள் மருந்துச் செலவு வரும். வருஷக்கணக்கில் வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு வராது. ஓபிடி சலுகை தனியாக இருந்தால் மட்டும் வரும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு 2022 ஜூலையில் வந்த காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். மருந்தகத்தில் மாத்திரை கிடைக்கும், ஆனால் நீங்கள் பழகிய கம்பெனி மாத்திரைக்குப் பதில் அதே மருந்து வேறு பெயரில் வரலாம். பெட்டியில் மருந்தின் மூலப்பெயரைப் பாருங்கள், அதுதான் முக்கியம்.

2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, இவற்றைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்றது. அதில் ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடியும் உண்டு. என் எரெனுமாப் அந்த வகைதான். சார் இதைச் சொன்னதும் துள்ளிக் குதித்துக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது: உள்நோயாளியாகவோ பகல்நேரச் சிகிச்சையாகவோ போட்டால்தான் பொருந்தும், வீட்டில் தானே போட்டுக்கொள்வது ஓபிடி கணக்கு. பாலிசியைப் படித்துப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஒருவர் யோசனை சொன்னார், "ஒரு நாள் அட்மிட் ஆகிவிடுங்களேன்" என்று. என் மருத்துவர் மறுத்துவிட்டார், அவர் செய்தது சரி. தேவையில்லாமல் படுத்துக் கேட்டால் கம்பெனி நிராகரிக்கும், பொய்க் கணக்கு என்று பெயரும் வரும். ஆனால் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் போடாக்ஸ் சிகிச்சை இருக்கிறது. தலை, நெற்றி, கழுத்து, தோள் என்று முப்பத்தொரு இடத்தில் மருத்துவர்தான் ஊசி போட வேண்டும். அந்த மாதிரிச் சிகிச்சைக்கு, போட்டுக்கொள்வதற்கு முன்பே எழுத்து மூலம் கேளுங்கள். பாலிசிக்குப் பாலிசி பதில் மாறும்.

உங்கள் பாலிசி எப்படி என்று தெரிய நூறு பக்கம் படிக்க வேண்டாம். 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று எளிய மொழியில் தர வேண்டும். தமிழில் வேண்டும் என்று கேட்கலாம். எது உண்டு, எது இல்லை, எவ்வளவு காத்திருப்பு, எங்கே புகார் செய்வது, எல்லாம் அதில் இருக்கும்.

ஓய்வு பெறப்போகிறவர்கள், வேலை மாறுகிறவர்கள் கவனியுங்கள். குழுக் காப்பீட்டிலிருந்து வெளியே வரும்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம், ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் வரும். கடைசி நாள் வரை விடாமல் ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பத்தில் ஒற்றைத் தலைவலியை மறைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு இப்போது அதிகபட்சம் மூன்று வருஷம்தான். மறைத்தால் பிறகு பெரிய செலவு வரும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

நியாயமான கோரிக்கையை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அந்த அலுவலகம் நமக்குப் பக்கத்திலேயே, அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவை இல்லை. குழுக் காப்பீட்டுப் புகாரும் எடுத்துக்கொள்வார்கள். ஐம்பது லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்லும் அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் பாலிசியில் இல்லாததை அவராலும் வாங்கித் தர முடியாது. அதனால்தான் என் விஷயத்தில் நான் போகவில்லை.

எச்.ஆருக்கு மட்டும் எழுதினேன். கோபமாக இல்லாமல், ஊசியால் என் விடுப்பு நாள் எவ்வளவு குறைந்தது, நிறுத்திய பிறகு எவ்வளவு கூடியது என்று இரண்டு வரிக் கணக்கு கொடுத்தேன். அந்த வருஷம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த புதுப்பிப்பில், விரும்புகிறவர்கள் சொந்தப் பணத்தில் ஓபிடி சலுகையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். என் கடிதத்தால்தானா என்று தெரியாது. என்னைப்போல் இன்னும் நாலு பேர் எழுதியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

செலவைக் குறைக்க

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம். பெரும்பாலான மருந்துகளுக்கும் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. புதுப்பிப்புக் கட்டணத்தில் அது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய தடுப்பு மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். மூலப்பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அறுபது வயது தாண்டி, காப்பீடே இல்லாதவர்கள் பழைய வரி முறையில் இருந்தால் மருத்துவச் செலவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது, யு.பி.ஐ., கார்டு, காசோலை வேண்டும். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

நரம்பியல் மருத்துவர் என்றாலே தனியார் என்று நினைக்க வேண்டாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஓமந்தூரார் வளாகத்திலும், 2023இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் நரம்பியல் துறை உண்டு. தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையைப் பற்றி இங்கே மூத்தவர்களுக்குத் தெரியும். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் ஆரம்பித்தது. குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்பச் சந்தா கட்டிச் சிகிச்சை பெறும் திட்டத்தை, காப்பீட்டு விளம்பரங்களெல்லாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்கே நடத்தினார்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கதை வேறு. மருந்துக்கும் காப்பீடு உண்டு, ஆனால் எந்த மருந்துக்குப் பணம் தருவோம் என்ற பட்டியலைக் கம்பெனி மாற்றிக்கொண்டே இருக்கும், பெரும்பாலும் ஜனவரியில். மலிவான மாத்திரைகளில் தோற்ற பிறகுதான் ஊசி என்றும் சொல்வார்கள். 2024இல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம் சி.ஜி.ஆர்.பி. மருந்துகளை முதல் வரிசையிலேயே தரலாம் என்று அறிவித்தது. உங்கள் பெண்ணோ பிள்ளையோ மேல்முறையீடு செய்யும்போது மருத்துவர் அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். தயவுசெய்து இங்கிருந்து மாத்திரை வாங்கிப் பெட்டியில் அனுப்பிவிடாதீர்கள்.

மருந்து மாற்ற நேர்ந்தால்

நான் செய்யத் தவறியதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. கடைசி டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். பணம்தான் காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் தினமும் கேட்கும் விஷயம் அது.

இரண்டு. தானாக நிறுத்தாதீர்கள். ப்ராப்ரனலாலைச் சட்டென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. டோபிரமேட்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மூன்று. நாள்காட்டியில் குறியுங்கள். தலைவலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி. எங்கள் வீட்டில் தினசரி கிழிக்கும் காலண்டர் தாளின் பின்னாலேயே எழுதுகிறேன். மருத்துவருக்கும், எச்.ஆருக்கும், காப்பீட்டுக் கம்பெனிக்கும் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

நான்கு. இதுவரை எடுத்த மருந்துகளின் பட்டியலை ஒரே தாளில் வைத்திருங்கள்: பெயர், அளவு, எத்தனை மாதம், ஏன் நிறுத்தினோம். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொன்னால், அதே மருந்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஐந்து. புதிய மருந்துக்கு இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். இரண்டாம் வாரம் கேட்கவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள்.

ஆறு. அந்த மாதங்களில் வேறு எதையும் மாற்றாதீர்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், அளவான காபி. சஷ்டி, ஏகாதசி உபவாசத்தைக் கொஞ்ச காலம் பாலும் பழமுமாக வைத்துக்கொள்ளலாம். முருகனும் பெருமாளும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏழு. வீட்டில் சொல்லுங்கள். இது எனக்கு மிகவும் தாமதமாக வந்த புத்தி. இப்போது எங்கள் வீட்டில் மாமியார் கையில் ஒரு அழைப்பு மணி இருக்கிறது. இன்னொன்றின் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்கும். நான் படுத்திருக்கும் நாளில் யார் பார்த்துக்கொள்வது என்று முன்பே பேசி வைத்திருக்கிறோம்.

கேள்வி நேரம்

கேள்வி: எனக்கு எழுபது வயது. இப்போதுதான் புதிதாகத் தலைவலி வருகிறது. இதுவும் ஒற்றைத் தலைவலியா?

ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று நாமே முடிவு கட்டக் கூடாது. மருத்துவரிடம் போங்கள். இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பார்வை போவது – இவற்றில் எது வந்தாலும் உடனே 108.

கேள்வி: என் மருமகளுக்குக் கொடுத்த சுமட்ரிப்டான் நன்றாகக் கேட்கிறது. நானும் எடுக்கலாமா?

கூடாது. இதய நோய், பக்கவாதம் வந்தவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது ஆகாது. இந்தக் கட்டடத்தில் மாத்திரை கடன் வாங்கும் பழக்கம் காபிப்பொடி கடன் வாங்குவதைப்போல் ஆகிவிட்டது. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஊசியை விட்டதற்கு வருத்தம் உண்டா?

உண்டு. அந்த நான்கு நாள் மாதங்களை நினைத்தால் இன்றும் ஏக்கம்தான். ஊசியை விட நேர்ந்தது என் கையில் இல்லை. சொல்லாமல் விட்டது என் கையில்தான் இருந்தது. அந்த மூன்று மாதத்துக்குத்தான் அதிகம் வருந்துகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாலிசி, புகார் மனு, மருந்துப் பட்டியல் எதுவானாலும் ஒருவருக்கொருவர் பார்த்துக் கொடுக்க, மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சங்க அலுவலகத்தில் உட்காரலாம் என்று பி பிளாக் சார் சொல்லியிருக்கிறார். நானும் இருப்பேன். தலைவலி நாளாக இருந்தால் மட்டும் வர மாட்டேன், அதை வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவேன்.

மாடி வெயில் ஏறுகிறது, எனக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. கீழே போய்ச் சுண்டல் சாப்பிடலாம்.